பேட்டரியில் சூடாகும் கையுறை: 7 மாதம் போட்டுப் பார்த்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கையுறையை நான் மலையேறவோ பனியில் பைக் ஓட்டவோ வாங்கவில்லை. பெட்டி மேல் அப்படிப்பட்ட ஆட்கள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு வயது 59. ஏசி அறையில் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும், விரல் நுனியெல்லாம் பேனா மை கசிந்த மாதிரி நீலமாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைப்பதற்குள் விரல் மரத்துப்போகும். எனக்கு இருப்பது கோல்ட் அக்ளுட்டினின் நோய். உடம்பு குளிர்ந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவற்றில் ஒரு பகுதி பிறகு அழிந்தும் போகும். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். பைக் ஓட்டுகிறவர்கள் பேட்டரி பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம், மற்றதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது.

கம்பெனி பெயரைப் போடவில்லை. இதே சாமானை நாலைந்து பெயரில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஒன்றுதான். அப்புறம் கடைசியில் ஒரு குறையும் சொல்லப்போகிறேன்.

கையுறை பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், கொஞ்சம் தடிமன், மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னப் பை. அந்தப் பைக்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய லித்தியம் பேட்டரி. புறங்கையில் ஒரு பொத்தான், அழுத்தினால் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அளவுகள். சிவப்புதான் அதிகச் சூடு. (நீலம் குறைந்த சூடாம். எனக்குப் பார்த்த நீலம் போதாதென்று கையுறையிலும் நீல விளக்கு!) சூடேற்றும் கம்பி விரல்களின் பின்பக்கமாக ஓடி நுனியைச் சுற்றித் திரும்புகிறது. உள்ளங்கையில் கம்பி கிடையாது. ஏதாவது ஒரு கம்பியையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது குறை, என்னை மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை.

எனக்கு ஏன் இது தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் கொடுக்கும் மதிப்பெண் புரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. கண் லேசாக மஞ்சள். சிறுநீர் சில காலைகளில் கறுத்த நிறத்தில் போகும். வயதாகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் விடாமல் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். அன்று மாலையே லேபிலிருந்து ஃபோன். “மேடம், சாம்பிள்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு, இன்னொரு தடவை வந்து கொடுக்க முடியுமா?” ரிப்போர்ட்டில் எம்சிஎச்சி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சிவப்பணுவிலும் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற கணக்கு அது, சாதாரணமாக 32லிருந்து 36க்குள் இருக்கும். எனக்கு 49 என்று வந்திருந்தது. உயிரோடு இருக்கும் மனிதருக்கு வரக்கூடிய எண் இல்லை அது. அதனால் மெஷின் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் போனேன். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். டியூபை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள், கண்ணாடிச் சுவர் முழுக்க ஈர மணல் மாதிரி பொடிப் பொடியாக ஒட்டிக்கொண்டு நின்றது. “ரத்தம் உறைஞ்சிடுச்சா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டியூபை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து சாய்த்தாள், மணல் காணவில்லை, வழவழவென்று ஓடியது. மேசை மேல் வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மறுபடியும் மணல். உறைந்த ரத்தம் சூடு பட்டால் இப்படிக் கரையாது, இது வேறு என்று அவள்தான் சொன்னாள். என் நோயை முதலில் கண்டுபிடித்தது பெரிய டாக்டர் இல்லை, அந்தப் பெண்ணின் உள்ளங்கைதான்.

அதற்குப் பிறகு டியூபை 37 டிகிரி செல்சியஸில் சூடாக்கிவிட்டு மெஷினில் போட்டார்கள், எண்கள் ஒழுங்காக வந்தன. ஹீமோகுளோபின் மட்டும் அப்போதும் அதே 8.4. விஷயம் இதுதான்: மெஷின் ஒட்டிக்கொண்ட பத்து அணுக்களை ஒரே குண்டு அணு என்று எண்ணிவிடும், அதனால் எண்ணிக்கை குறைவாகவும் அணுவின் அளவு பெரிதாகவும் தெரியும். ஆனால் ஹீமோகுளோபினை அளக்கும்போது எல்லா அணுவையும் உடைத்துக் கரைத்துவிட்டுத்தான் அளப்பார்கள், அந்த எண் மட்டும் சரியாக இருக்கும். சரியானதைத் தப்பானதால் வகுத்தால் 49தான் வரும்.

சரி, இப்போது கையுறைக்கு வருவோம், ஆனால் ரத்தத்தை விட்டுவிட்டு வர முடியாது. ஒட்ட வைப்பது ஐஜிஎம் என்ற வகை ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம், எனக்கு அது என் அணுவையே பிடிக்கிறது. பெரிய உருவம், ஐந்து துண்டு சேர்ந்தது, பத்து பிடிமானம் இருக்கும். ஒரு கை இந்த அணுவையும் இன்னொரு கை அடுத்த அணுவையும் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்தால்தான் பிடிக்கும், 4 டிகிரியில் பிடி ரொம்ப இறுக்கம், சூடேற ஏறத் தளரும். எந்தச் சூடு வரை பிடிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை அளந்து ரிப்போர்ட்டில் போடுவார்கள். கொஞ்சூண்டு இந்த மாதிரி ஆன்டிபாடி ஆரோக்கியமான ஆட்களிடமும் உண்டு, ஆனால் அது ஃபிரிட்ஜ் குளிரில்தான் வேலை செய்யும், உடம்பு அந்தக் குளிருக்குப் போகவே போகாது என்பதால் தொந்தரவு இல்லை. எனக்கு 30 டிகிரி வரை பிடிக்கிறது. 30 டிகிரி என்பது பனிக்கட்டி இல்லை. சாதாரண அறையில் என் விரல் நுனி அந்தச் சூட்டுக்குக் கீழே தினமும் போய்வருகிறது.

அதனால் நான் செய்த சோதனை இது. சின்ன எலக்ட்ரானிக் தெர்மாமீட்டரின் ஒயரை ஆள்காட்டி விரல் நுனியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டேன். ஏசி அறை, கையுறை இல்லாமல், அரை மணி நேரம்: 24. கையுறை போட்டு, ஸ்விட்ச் போடாமல்: 27. நீல விளக்கு: 33. வெள்ளை: 36. இந்தச் சோதனையில் சிவப்பை ஒரு முறைதான் முயன்றேன், 40 தொட்டதும் அணைத்துவிட்டேன். வீட்டுச் சோதனைதான், துல்லியத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆனாலும் எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. குறைந்த அளவே என் 30ஐத் தாண்டிவிடுகிறது, அதற்கு மேல் எனக்குத் தேவையே இல்லை. சாதாரணக் கம்பளிக் கையுறை மாதிரி வெறும் துணியாக இருந்தால் தாண்டாது, ஏனென்றால் துணி தானாகச் சூடு தராது, இருக்கிற சூட்டைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ஏற்கெனவே குளிர்ந்துபோன விரலைத் துணியில் சுற்றி வைத்தால் குளிரையும் சேர்த்துத்தான் சுற்றி வைக்கிறோம்.

முதல் மாதம் நான் இதைத் தப்பாகவே பயன்படுத்தினேன். விரல் நீலமாகும், வலிக்கும், உடனே கையுறையை மாட்டி சிவப்பு விளக்கைப் போடுவேன், சில நிமிடத்தில் நிறம் திரும்பும், ஆஹா அருமையான சாமான் என்று மகளிடம் சொல்வேன். அந்த மாதம் ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் ஏறவும் இல்லை, பிலிருபின் (சிவப்பணு உடையும்போது ஏறும் மஞ்சள் பொருள்) இறங்கவும் இல்லை. டாக்டரிடம் கையுறையைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “எப்ப போடுறீங்கம்மா? நீலமானதுக்கு அப்புறமா, அதுக்கு முன்னாடியா?”

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். குளிரில் ஐஜிஎம் அணுவின் மேல் உட்காரும்போது சும்மா உட்காருவதில்லை, ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தைக் கூப்பிட்டுவிடுகிறது. முதலில் சி1, அது சி4ஐயும் சி2ஐயும் தட்டியெழுப்பி, அவை சேர்ந்து சி3ஐ வெட்டி அணுவின் மேல் ஒட்டவைக்கும். இதெல்லாம் விரலில், மூக்கு நுனியில், காது மடலில் நடக்கிறது. அந்த ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்குத் திரும்பியதும் சூடாகிறது, ஐஜிஎம் கழன்று விழுந்துவிடுகிறது, கட்டியெல்லாம் பிரிந்துவிடுகிறது. ஆனால் சி3 கழலாது. அந்த முத்திரையோடு போகும் அணுவைக் கல்லீரலில் இருக்கும் விழுங்கும் அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. கழன்ற ஐஜிஎம் சும்மா இருக்குமா, அடுத்த சுற்றில் விரலுக்குப் போய் வேறு அணுவைப் பிடிக்கும்.

ஆக, நீலமான பிறகு நான் கையுறை போட்டபோது நிறம் திரும்பியது உண்மை, ஆனால் முத்திரை குத்தப்பட்ட அணுக்கள் ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டன. இந்தக் கையுறை குளிர்வதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டியது. ஏசி அறைக்குள் நுழையும் முன்னால், வாசலிலேயே. பெட்டிக்குள் இருந்த நான்கு பக்கக் கையேட்டில் இது இல்லை. அவர்கள் நோயாளிக்கு எழுதவில்லை, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி மேல் “ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதைக் குற்றம் சொல்வேன்.

பேட்டரி: நீல விளக்கில் எனக்கு 5 மணி நேரம் போல வருகிறது, சிவப்பில் 2 மணி நேரத்தைத் தாண்டாது என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. முழுக்க ஏற 4 மணி நேரம். இரண்டு கைக்கும் தனித்தனி பேட்டரி, ஒன்று முதலில் தீரும், எப்போதும் இடது கைதான், ஏன் என்று தெரியவில்லை. எடை மணிக்கட்டில் தெரிகிறது, நாள் முழுக்கப் போட்டால் கடிகாரம் கட்டும் இடத்தில் வலி. தொடுதிரைக்கு ஏற்ற துணி என்கிறார்கள், ஃபோனை எடுக்கலாம், எழுத்து அடிக்க முடியாது, “வருகிறேன்” என்று அடித்தால் “வறுகிறென்” என்று போகிறது. கட்டைவிரலுக்குக் கம்பி பாதியோடு நின்றுவிடுகிறது, ஆக நான்கு விரலும் சாதாரண நிறத்தில் இருக்க கட்டைவிரல் மட்டும் நீலமாக நிற்கும், பார்க்க வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருக்கும். துவைக்க முடியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். அதனால் உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை அதில் நின்றுவிடும், சூடும் நேரடியாகத் தோலில் படாது. விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள், சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்கள் இதைப் பார்த்துத்தான் போட வேண்டும், சுட்டாலும் தெரியாது.

எதிர்பாராத ஒரு நன்மை. விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்ப்பார்களே, குளிர்ந்த விரலில் அந்தக் கருவிக்கு ரத்த ஓட்டம் சிக்காது, எனக்கு எப்போதும் கோடு கோடாக வரும் அல்லது பயமுறுத்தும் எண் வரும். காத்திருக்கும் அறையில் கையுறையோடு உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்க் கழற்றி விரலை நீட்டினால் ஒரே தடவையில் 98. ரத்தம் எடுக்கும்போதும் நரம்பு சீக்கிரம் கிடைக்கிறது.

இன்னொன்றும் முயன்றேன், சிரிக்காதீர்கள். ரத்த டியூபை லேப் வரை குளிராமல் கொண்டுபோக வேண்டும் என்கிறார்களே என்று டியூபையே கையுறைக்குள் திணித்து ஸ்விட்ச் போட்டு நீட்டினேன். அதே பெண்தான். சிரித்துவிட்டுச் சொன்னாள், “மேடம், இதுல எத்தனை டிகிரின்னு எனக்கு எப்படித் தெரியும்? கூடப் போனா ரத்தமே உடைஞ்சிடும்.” அவளிடம் 37 டிகிரியில் தண்ணீர் நிரப்பிய ஃபிளாஸ்க் தயாராக இருந்தது. அதுதான் சரியான வழி. ஐஜிஎம் எவ்வளவு என்று அளக்கும்போதும், சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரியும் வரை டியூப் சூடாகவே இருக்க வேண்டுமாம், குளிரவிட்டால் ஆன்டிபாடியெல்லாம் அணுவோடு ஒட்டி அடியில் இறங்கிவிடும், சீரத்தில் குறைவாகக் காட்டும்.

இனி என் மூன்றாவது மாதத்துக்கு வருகிறேன். நான் சொன்னபடி கையுறையை ஒழுங்காக, முன்கூட்டியே போட ஆரம்பித்து எண்கள் கொஞ்சம் நன்றாக வந்துகொண்டிருந்த நேரம். சளிக் காய்ச்சல் வந்தது. உடம்பு 39 டிகிரி, போர்வைக்குள் கிடக்கிறேன், விரல் எல்லாம் சிவப்பாக, சூடாக, கையுறைக்கு வேலையே இல்லை. அந்த வாரம்தான் ஹீமோகுளோபின் 7.1க்கு இறங்கியது. எனக்கு நம்பவே முடியவில்லை, குளிர்ந்தால்தானே உடைய வேண்டும்? காரணம், தொற்று வந்தால் உடம்பு காம்ப்ளிமென்ட் புரதங்களை அதிகமாகத் தயாரிக்கும், ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டிய அணுவுக்கு முத்திரை குத்த ஆள் கூடிவிடுகிறது. ரத்தம் ஏற்றினார்கள், குழாயைச் சூடாக்கும் கருவி வழியாக. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்து மேசையில் கிடந்த கையுறையைப் பார்த்தபோதுதான் அதன் எல்லை எனக்கு முழுசாகப் புரிந்தது. அது என் விரலைக் காக்கிறது. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் இடம் விரலில் இல்லை.

எங்கே இருக்கிறது? எலும்பு மஜ்ஜையில். வேறு எந்த நோயும் பின்னால் இல்லாமல் தானாக வரும் வகையில், பி செல் என்ற வெள்ளணுக்களில் ஒரு சின்னக் கூட்டம் ஒரே அச்சில் பெருகி, ஒரே ஆன்டிபாடியை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வேகமாகப் பரவும் புற்றுநோய் இல்லை, ஆனால் சும்மா ஒதுக்கிவிடக்கூடியதும் இல்லை. 2022இல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள். அந்த அணுக்களில் கேஎம்டி2டி, கார்ட்11 என்ற மரபணுக்களில் மாற்றம் அடிக்கடி தெரிகிறது. இது பெற்றோரிடமிருந்து வருவது இல்லை, வாழ்நாளில் அந்த அணுக்களுக்குள் மட்டும் நேர்ந்தது. “எனக்கும் வருமாம்மா?” என்று மகள் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள், அவளுக்காகத்தான் இந்த வரி. ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் ஒருவருக்குப் புதிதாக வருகிறது என்பார்கள், பெரும்பாலும் 50, 60 தாண்டியவர்களுக்கு.

வேறொன்றின் பின்னால் வருவதும் உண்டு, அதைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதற்கு நீங்கள் கையுறையே வாங்க வேண்டியிருக்காது. மைக்கோபிளாஸ்மா நிமோனியா என்ற கிருமியால் நெஞ்சுச்சளி வந்தவர்களில் நிறையப் பேருக்கு இந்த ஆன்டிபாடி தலைகாட்டும், அதில் ரத்தம் பெரிதாக உடைவது கொஞ்சம் பேருக்குத்தான், சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலிலும் வரும். இரண்டுக்கும் ஒரு சுவாரஸ்யமான வித்தியாசம்: சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி பிறந்த குழந்தைக்கு நேராக இருக்கும், அதற்குச் சின்ன ஐ (ஆங்கில எழுத்து i) என்று பெயர், வளர வளரக் கிளை விட்டுப் பெரிய ஐ (I) ஆகிவிடும். மைக்கோபிளாஸ்மாவிலும் என்னைப் போன்றவர்களிலும் ஆன்டிபாடி பெரும்பாலும் பெரிய ஐயைப் பிடிக்கும், அந்த வைரஸ் காய்ச்சலில் சின்ன ஐயை. நிணநீர்க்கட்டிப் புற்றுநோயின் பின்னாலும் வரலாம், அதனால்தான் என்னை ஸ்கேன், மஜ்ஜைப் பரிசோதனை, புரதப் பரிசோதனை என்று சுற்றவிட்டார்கள். ஐஜிஎம் அதிகமாக இருப்பதால் வால்டன்ஸ்ட்ராம் என்ற, ஐஜிஎம்மை அதிகமாகத் தள்ளும் ரத்தப் புற்றுநோயா என்றும் பார்த்தார்கள். அதில் பெரும்பாலோருக்கு இருக்கும் எம்ஒய்டி88 மரபணு மாற்றம் என் நோயில் பொதுவாக இருக்காது.

கையுறை விற்கும் பக்கத்தில் பலரும் “எனக்கும் விரல் நீலமாகிறது, வாங்கலாமா” என்று கேட்டிருப்பதைப் பார்த்தேன். எல்லா நீலமும் ஒன்றில்லை.

குளிரில் விரல் நீலமாகிறவர்களில் அதிகம் பேருக்கு இருப்பது ரேனோ. பிரெஞ்சு டாக்டர் மோரிஸ் ரேனோ 1862இல் எழுதினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அங்கே ரத்தத்தில் குற்றமில்லை, விரலின் ரத்தக் குழாய் திடீரென்று சுருங்குகிறது. முதலில் சுண்ணாம்பு வெள்ளை, பிறகு நீலம், கடைசியில் சிவப்பு என்று நிறம் மாறுவதும், இங்கே வரை வெள்ளை என்று கோடு கிழித்த மாதிரி தெரிவதும் அடையாளம். எனக்கு அந்தச் சுண்ணாம்பு வெள்ளை வந்ததில்லை. ரேனோவுக்கு இந்தக் கையுறை மிக நல்ல துணை, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதன் பின்னால் ஸ்கிளிரோடெர்மா, லூபஸ் மாதிரி உடம்பு தன்னையே தாக்கும் நோய் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், குறிப்பாக வயதான பிறகு புதிதாக ஆரம்பித்திருந்தால்.

கிரையோகுளோபுலின் என்று ஒன்று, பெயரைக் கேட்டால் என் நோயின் தங்கை மாதிரி இருக்கும், இல்லை. அதில் புரதமே குளிரில் திரண்டு படிந்துவிடும், சிவப்பணுவைப் பிடிப்பதில்லை. காலில் ஊதாப் புள்ளிகள், மூட்டு வலி, சிறுநீரகக் கோளாறு, நரம்பு மரத்தல் என்று போகும், நிறையப் பேருக்குப் பின்னால் ஹெபடைடிஸ் சி இருக்கும். அங்கே கையுறை வாங்குவதைவிட அந்த வைரஸுக்கு மருந்து எடுப்பதுதான் வேலை.

இன்னொன்று குழந்தைகளுக்கு வருவது, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிறுநீர் திடீரென்று கறுஞ்சிவப்பாகப் போகும். டோனாத்தும் லாண்ட்ஸ்டெய்னரும் 1904இல் கண்டுபிடித்த ஆன்டிபாடி, ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டெய்னர்தான். அந்தக் காலத்தில் சிஃபிலிஸோடு சேர்ந்து வந்த நோய். அதில் ஆன்டிபாடி குளிரில் ஒட்டும், சூடேறும்போது அணு ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும். அவசரமாக டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது, கையுறைக் கடைக்கு இல்லை.

வெப்பத்தில் வேலை செய்யும் ஆன்டிபாடியால் ரத்தம் உடைகிறவர்களும் உண்டு, உண்மையில் எங்களைவிட அவர்கள்தான் அதிகம். அது ஐஜிஜி வகை, உடம்புச் சூட்டிலேயே பிடிக்கும், மண்ணீரலில் அழியும், ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். எனக்கு முதலில் அதுவென்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் வீங்கியது, தூக்கம் போனது, ரத்தம் ஏறவில்லை. சிவப்பணுவின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனையில் ஐஜிஜி இல்லை, சி3டி (அந்த சி3 முத்திரையின் மிச்சம்) மட்டும் இருக்கிறது என்று விரித்துப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். மண்ணீரலை எடுப்பதும் எங்களுக்கு உதவாது, எங்கள் அணு போகும் இடம் கல்லீரல். உங்கள் ரிப்போர்ட்டில் வெறுமனே “கூம்ப்ஸ் பாசிட்டிவ்” என்று மட்டும் இருந்தால் எதற்குப் பாசிட்டிவ் என்று கேளுங்கள்.

எனக்கு ஐந்தாவது மாதம் ரிட்டுக்ஸிமாப் ஆரம்பித்தார்கள், வாரம் ஒன்றாக நான்கு தடவை. அந்த பி செல் கூட்டத்தைக் குறிவைக்கும் மருந்து, ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தரும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், நான் அதிர்ஷ்டக்காரப் பாதியில் இருக்கிறேன் போல, போன வாரம் 10.6. மருந்து ஏற்றும் அறையில் குளிர் கொடுமை, அங்கே இந்தக் கையுறை இல்லாவிட்டால் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கவே முடியாது, அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம். சுட்டிம்லிமாப் என்று இன்னொரு மருந்து, 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, காம்ப்ளிமென்ட் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே தடுத்துவிடும். அதைப் பற்றி டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அந்த மருந்து ரத்தம் உடைவதை நிறுத்தும், விரல் நீலமாவதை நிறுத்தாது, ஒட்டுவதற்குக் காம்ப்ளிமென்ட் தேவையில்லை. என் கையுறைக்கு நேர் எதிர்.

சரி, அந்தக் குறை. ஆறாவது மாதம் இடது ஆள்காட்டி விரலில் கம்பி அறுந்துவிட்டது. விரலை மடக்கும் இடத்தில் அறுந்திருக்க வேண்டும், வெளியே ஒன்றும் தெரியவில்லை, மற்ற விரல்கள் சூடாக இருந்ததால் நானும் கவனிக்கவில்லை, கழற்றியபோது அந்த ஒரு விரல் மட்டும் நீலமாக இருந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிக்கும் முகப் படமும், “எங்கள் கையுறை எல்லா ரத்தக் கோளாறுகளுக்கும் ஏற்றது, கவலை வேண்டாம்” என்றும் வந்தது. நான் கேட்டது கம்பியைப் பற்றி! எந்த ரத்தக் கோளாறு என்று அவர்களுக்கு நான் சொல்லவே இல்லை. மூன்று தடவை எழுதி, வீடியோ எடுத்து அனுப்பி, கடைசியில் இடது கை மட்டும் மாற்றித் தந்தார்கள், அதுவும் ஒரு சைஸ் பெரிதாக.

மொத்தம் 5க்கு 3. கட்டைவிரல் வரை கம்பி போட்டிருந்தால் 4. காதுக்கும் மூக்குக்கும் இதில் ஒன்றும் இல்லை, காதுக்குக் கம்பளித் தொப்பி போதும், மூக்குக்கு முகக்கவசம் ஓரளவு உதவுகிறது, மூச்சுச் சூடு உள்ளேயே நிற்பதால். கால் உறையும் இதே ஆட்கள் விற்கிறார்கள், வாங்கினேன், பேட்டரி கணுக்காலில் இடித்துக்கொண்டே இருந்தது, அலமாரியில் கிடக்கிறது.

வாங்குவதாக இருந்தால் முதலில் உங்கள் ஆன்டிபாடி எத்தனை டிகிரி வரை பிடிக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கையுறை வந்ததும் விரலில் தெர்மாமீட்டர் ஒட்டிப் பாருங்கள். பெரிய சைஸ் இடது கையும் சரியான சைஸ் வலது கையுமாக நான் இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புது இடது பேட்டரியும் முதலில் தீருகிறது.